மிதக்காத லைஃப் ஜாக்கெட்

என் வலைப்பூவில் இருக்கும் லிங்க் வழியாக யாராவது பொருள் வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும். ஒரு லைஃப் ஜாக்கெட்டைக் கண்ணால்கூடப் பார்க்காமல், விற்பவர்கள் போட்டிருந்த வர்ணனையை நம்பிப் புகழ்ந்து எழுதிவிட்டேன்.

கடலூரில் மீன்பிடிக்கும் என் மனைவியின் தம்பி அதைப் படித்து வாங்கியிருக்கிறான். கடலுக்குப் போகுமுன் அதை மாட்டிக்கொண்டு உப்பனாற்றில் இறங்கிப் பார்த்தானாம். நனைந்ததும் கல்லாய்க் கனத்து அவனைக் கீழே இழுத்திருக்கிறது.

“மாமா, நீங்க எழுதியிருந்தீங்கன்னுதான் வாங்கினேன். நடுக்கடல்னா அவ்ளோதான்” என்றான் போனில். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்றே பதிவைத் திருத்தி, வாங்கியவர்கள் அணிய வேண்டாம் என்று எழுதினேன்.

இப்போதெல்லாம் நானே மாட்டிக்கொண்டு உப்பனாற்றில் இறங்கிய பிறகுதான் எந்த ஜாக்கெட்டைப் பற்றியும் எழுதுகிறேன். கரையில் மச்சான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். சிதம்பரத்தில் வளர்ந்த எனக்கு நீச்சல் தெரியாது.