பூக்கட்டிப் பார்த்தவருக்கு ஒரு மேட்னி ஷோ

அக்கா வீட்டுக்காரரைப் பழிவாங்குவதற்காக, ஐம்பது வயதுக்கு மேல் ஒரு காதல் படத்தை இரண்டு தடவை பார்த்தவன் நான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். எழுதிவிட்டால் ஒருவேளை இலக்கியம் என்று விட்டுவிடுவார்கள்.

எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன் அடி அண்ணாமலையில் ஒரு பெண்ணைப் பிடித்திருந்தது. பேச்சு நடந்தது. முடிவெடுக்கப் பயந்த பெரியவர்கள், பூக்கட்டிப் பார்க்கலாம் என்றார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளை வந்தால் கல்யாணம். சிவப்பு வந்தது. பொட்டலம் கட்டியவர் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர். மற்ற பொட்டலத்தைப் பிரிக்காமலே அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

அன்றிலிருந்து அவர் வீட்டு விசேஷங்களில் நான் பாயசம் சாப்பிடுவதில்லை. எனக்குச் சர்க்கரை வியாதி என்று நினைத்துக்கொண்டாராம்.

வேறு இடத்தில் கல்யாணமாகி நன்றாகத்தான் இருக்கிறேன். நன்றாக இருப்பதற்கும் பழி தீர்ப்பதற்கும் என்ன சம்பந்தம்?

போன மாதம் இந்தப் படம் வந்தது. எதிர்காலத்தில் ஓர் ஊர். யாருக்கு யார் என்று ஓர் இயந்திரம் சொல்லும், ஊரே கட்டுப்படும். அது பிரித்துவைத்த இரண்டு பேர் காதலிக்கிறார்கள். ஒரே பஸ் நிறுத்தத்தில் முன்பின் தெரியாதவர்கள்போல் அவர்கள் நிற்கும் காட்சி ஒன்று போதும், விதியின் கனம் தெரிய. கடைசியில் அவள் இயந்திர அறைக்குள் புகுந்துவிடுகிறாள். இயந்திரம் என்றைக்கோ பழுதாகிவிட்டது. ஓர் ஆள் உட்கார்ந்து தன் இஷ்டத்துக்குப் பெயர்களைத் தட்டிக்கொண்டிருக்கிறான்.

நான் கைதட்டிவிட்டேன். விதியா, மனித விருப்பமா என்று எத்தனையோ தத்துவப் புத்தகங்களில் தேடியிருக்கிறேன். விடை வேங்கிக்காலில், மாமா வீட்டில், வேட்டி கட்டிக்கொண்டு இருந்திருக்கிறது.

மறுநாளே போய் மாமாவை மேட்னிக்கு இழுத்து வந்தேன். அந்த இயந்திர அறைக் காட்சி வந்தபோது திரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்தேன்.

"இந்த ஆள எங்கியோ பாத்த மாதிரி இல்ல, மாமா?"

"என்னிய சொல்றியா? அவனுக்கு முடி ஜாஸ்தி, மச்சான்."

வெளியே டீக்கடையில் நேராகவே கேட்டேன். "அன்னிக்கு ரெண்டு பொட்டலத்துலயும் சிவப்புதான வெச்சீங்க?"

மறுப்பார், திணறுவார், அப்போது இன்னின்ன சொல்ல வேண்டும் என்று வருஷக்கணக்காக வசனம் தயாராக இருந்தது. அவர் டீயை ஊதிக்கொண்டே தலையாட்டினார்.

"ஆமா. அந்தப் பொண்ணுதான் வந்து சொல்லிச்சு. 'எனக்கு அவர புடிக்கலண்ணா. எங்க வூட்ல சொன்னா கேக்க மாட்டாங்க, நீங்களே எதுனா பண்ணுங்க'ன்னுச்சு."

அவர் டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்.

"நீ மனசு ஒடஞ்சிடுவியேன்னு பழிய சாமி மேல போட்டேன். நீ என்னடான்னா அத தூக்கி எம்மேல போட்டுக்கினு இருந்திருக்க."