பெயிண்டரின் ஆறு கோடி

டைல்ஸ் பதிக்கிறவர்கள் மத்தியில் அவனுக்கு, தரை சமமா என்று பார்க்கும் கருவியின் பெயரான ரசமட்டம்தான் பட்டப்பெயர். பதித்து முடித்த தரையில் முட்டி போட்டு நகர்ந்து, ஒவ்வொரு டைல்ஸையும் ரப்பர் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பான். அடியில் கலவை நிரம்பாத டைல்ஸ் வெற்றுச் சத்தம் போடும். வீட்டுக்காரரே, "விடுங்க, யாருக்குத் தெரியப் போவுது" என்றாலும் விடமாட்டான். பெயர்த்துத் திரும்பப் பதித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவான். இப்பேர்ப்பட்ட நியாயவான் சொந்த வீட்டில் செய்ததைக் கேட்டால் உங்களுக்குக் கோபம்தான் வரும்.

இருபத்திரண்டு வயதில் அவனுக்கு விரை வீங்கியது. முதலில் வலது பக்கம், நாலு நாள் கழித்து இடது பக்கம். காய்ச்சல் கொதித்தது. டைல்ஸ் பெட்டி சுமந்து மாடி ஏறியதால் வந்தது என்று தானே முடிவு கட்டி, துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வலி மாத்திரையை விழுங்கினான். அம்மாவிடம் வெறும் காய்ச்சல் என்றான். எங்கே வலி என்று கேட்டால் சொல்ல வேண்டுமே என்பதற்காக டாக்டர் பக்கமே போகவில்லை. மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது. விரைகளின் பின்புறம் மட்டும் பட்டாணி அளவுக்குக் கெட்டியாக ஏதோ தங்கிவிட்டது. வலிக்கவில்லை என்பதால் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டான்.

கல்யாணமாகி மூன்று வருஷம் குழந்தை இல்லை. ஆஸ்பத்திரியில், விந்துப் பரிசோதனைக்கு வீட்டிலிருந்தே எடுத்து வரலாம் என்று ஒரு கப்பைக் கொடுத்து அனுப்பினார்கள். அந்தக் கப்பைப் பார்த்ததும் அவனுக்குப் பழைய பட்டாணி ஞாபகம் வந்தது. கூட வேலை பார்த்த பெயிண்டர் இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா, ரகசியத்தை வெளியே விடாதவன். கப்பு காதும் காதும் வைத்த மாதிரி பெயிண்டர் கைக்குப் போய் நிரம்பித் திரும்பி வந்தது. மில்லிக்கு ஆறு கோடி அணுக்கள், நல்ல நீச்சல் என்று ரிப்போர்ட் வந்தது.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் எல்லாம் அவன் மனைவியின் தலையில் விடிந்தது. ஊசி, ஸ்கேன், மாத்திரை. ஒருமுறை கருக்குழாயில் மருந்தைச் செலுத்திப் படம் எடுத்தார்கள். அவள் உள்ளே அலறியது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனுக்குக் கேட்டது. எழுந்து போய்த் தண்ணீர் பாட்டில் வாங்கி வந்தான், அவ்வளவுதான். அவன் அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எம் புள்ள ரிப்போர்ட் தங்கமா இருக்கு. கோளாறு எங்கன்னு நான் சொல்லணுமா?" என்பாள். மருமகள் காதில் விழ வேண்டும் என்றே சொல்வாள்.

கடைசியாக ஒரு புது டாக்டரிடம் போனார்கள். அவளுக்கு வயிற்றில் துளை போட்டுப் பார்க்கும் ஆபரேஷன் என்று பேச்சு வந்தது.

"அதுக்கு முன்னாடி சாருக்கு ஒரு டெஸ்ட் பாத்துடலாம். இங்கயே, அந்த ரூம்லயே குடுக்கணும்" என்றார் டாக்டர். அந்த அறைக்குப் பெயிண்டரைக் கூட்டிக்கொண்டு போக முடியுமா?

ரிப்போர்ட்டில் சைபர் என்றிருந்தது. மாதிரியை மிஷினில் சுழற்றி அடியில் தங்கியதைப் பார்த்தும் சைபர். டாக்டர் அவனைத் தனியாகப் படுக்க வைத்துத் தடவிப் பார்த்தார். பட்டாணியைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"விரை நல்லாத்தான் வேல செய்யுது. அதுக்குப் பின்னாடி எபிடிடிமிஸ்னு ஒரு குழாய் இருக்கு. நீட்டினா ஆறு மீட்டர், மடிச்சு மடிச்சு விரல் நீளத்துல அடங்கியிருக்கு. விரையிலேருந்து வர்ற அணுவுக்கு நீந்தத் தெரியாது. பத்துப் பன்னெண்டு நாள் இதுக்குள்ள ஊர்ந்து வந்துதான் பக்குவப்படும். உங்களுக்கு எப்பவோ கிருமி தொத்தி, தழும்பாகி, ரெண்டு பக்கமும் அடைச்சுக்கிச்சு. அப்பவே மருந்து எடுத்திருந்தா தப்பிச்சிருக்கலாம்."

"ஆனா எல்லாம் சரியாத்தானே வருது, டாக்டர்?"

"வர்ற தண்ணி வேற சுரப்பியோடது. அதான் ஆம்பளைங்களுக்குத் தெரியறதே இல்ல." பழைய ரிப்போர்ட்டைப் புரட்டினார். "ஆறு கோடின்னு போட்டிருக்கே. அப்ப இதுக்கப்புறம்தான் அடைச்சிருக்கணும். நடுவுல காய்ச்சல், வீக்கம் ஏதாவது வந்துச்சா?"

தப்பிக்க வழி தானாகவே திறந்தது. ஆமாம், போன வருஷம் வந்தது என்று சொன்னால் போதும். பெயிண்டர் வாயைத் திறக்கமாட்டான். யாருக்குத் தெரியப் போகிறது? அந்தக் கேள்வியை எத்தனை வீட்டுக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள், எத்தனை பேரை அவன் முறைத்திருக்கிறான்! முதன்முறையாகத் தன்னைப் பார்த்தே அவனுக்கு அருவருப்பு வந்தது.

"அவளையும் கூப்பிடுங்க டாக்டர்" என்றான்.

அவள் வந்து உட்கார்ந்ததும், வீக்கத்தில் தொடங்கிக் கப்பு வரைக்கும் மென்று விழுங்காமல் சொன்னான். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவள் கத்தவில்லை.

"நான் உள்ள கத்தினப்ப வெளியிலதான உக்காந்திருந்தீங்க? அன்னைக்கும் தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு."

"சந்தேகம்" என்று அந்த வார்த்தையை மட்டும் திருப்பிச் சொன்னாள். டாக்டர், ஊசி வழியாக அந்தக் குழாயிலிருந்தே அணுக்களை எடுக்க முடியும், கரு உண்டாக்கிப் பார்க்க வழி இருக்கிறது, ஆனால் உறுதி சொல்ல முடியாது என்று விளக்கினார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது அவள் சொன்னாள்: "உங்க அம்மாகிட்ட நீங்களே சொல்லணும். நான் பக்கத்துல நிப்பேன். வாயத் தொறக்க மாட்டேன்."

சொன்னான். அம்மா முதலில் நம்பவில்லை, பிறகு மகனைத் திட்டினாள், அப்புறம் மருமகள் கையைப் பிடிக்கப் போனாள். அவள் கையைக் கொடுக்கவில்லை. அதற்குப் பின் பதினோரு நாள் அந்த வீட்டில் தேவைக்கு மேல் ஒரு பேச்சு கிடையாது. அவள் போய்விடுவாள் என்றே அவன் நினைத்தான். போனால் தடுக்கத் தனக்கு வாயில்லை என்பதும் தெரிந்திருந்தது.

ஊசி வழியாக அணுக்களை எடுத்துச் சேமிக்கும் நாளன்று காலையில் தனியாகத்தான் கிளம்பினான். படி இறங்கும்போது பின்னால் கதவு பூட்டும் சத்தம். கைப்பையோடு அவள் நின்றாள்.

"மன்னிச்சிட்டியா?" என்று கேட்டான்.

"இல்ல" என்றாள் அவள். "இந்தத் தடவ கப்பு மாறாம பாத்துக்கணும். அதுக்குத்தான் வரேன்."