பிஸ்கட் டப்பா ஊர்

ரங்கூன் கடைத்தெருவில் ஒரு பிஸ்கட் டப்பா கண்ணில் பட்டது. மூடியில் அதே இங்கிலாந்துக் கிராமம்: தபாலாபீஸ், ரொட்டிக்கடை, தண்ணீர் பம்பு, கல்லால் கட்டிய பழைய மாதாகோயில். சின்ன வயதில் இதே ரங்கூனின் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், ரயில்வே லைன் வீட்டில் அம்மா சீனி போட்டு வைத்திருந்த டப்பாவில் இருந்த ஊர். வெள்ளிக்கிழமைகளில் நிலைவாசலுக்கும் அடுப்புக்கும் பொட்டு வைத்த கையோடு டப்பா மூடியிலிருந்த அந்த மாதாகோயில் வாசலிலும் குங்குமம் வைப்பாள்.

"அது வெள்ளைக்காரன் கோயில், புள்ள" என்று அப்பா சிரிப்பார்.

"ஊர்ல கடை, தண்ணி எல்லாம் இருக்கு. சாமிக்குப் பொட்டு வைக்கத்தான் ஆளில்ல, பாவம்" என்பாள் அம்மா.

புது டப்பாவில் கோயில் வாசல் வெறிச்சென்று இருந்தது. எனக்குச் சர்க்கரை வியாதி. ஆனாலும் வாங்கிவிட்டேன். நாளைக்கு வெள்ளிக்கிழமை.