நட்சத்திரம் போட்ட ஏழு படங்கள்

பர்மாவில் எங்கள் தமிழ்த் தேவாலய நூலகத்தில் மிஷன் பள்ளிக் காலத்து உடற்கூறு நூல் ஒன்று இருந்தது. கரையான் அரிப்பதற்குள் அதிலிருந்த செப்புத்தகட்டு அச்சுப் படங்களைப் பட்டியலிட்டுத் தருவதாகச் சொல்லி, பதிவேட்டில் கையெழுத்திட்டு எடுத்து வந்தேன்.

நான் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். எங்கள் படத்தில் எலும்புக்கு நோயாளியின் எண்ணும், இடமா வலமா என்ற குறியும் போதும். இந்த நூலிலோ எலும்புக்கூடு மண்வெட்டியில் சாய்ந்து தன் குழியையே பார்த்து நின்றது. மண்டையோட்டின் மேல் உட்கார்ந்து ஒரு குழந்தை சோப்புக் குமிழி ஊதியது. முகப்பில், இயற்கை என்னும் பெண்ணின் முக்காட்டை அறிவு என்னும் பெண் விலக்கினாள். நாற்பத்திரண்டு படங்களுக்கும் பக்க எண், அளவு, கறை, கிழிசல் குறித்தேன். இப்படி உருவகமாகப் பேசும் ஏழுக்கு மட்டும் நட்சத்திரம் போட்டேன்.

பாடகர் குழுவில் என்னோடு பாடும் அக்கா, தெரிந்த பைண்டரிடம் கொடுத்துத் தைத்து வாங்கித் தருவதாகச் சொன்னார். புத்தகத்தையும் பட்டியலையும் கொடுத்தேன். புது அட்டையோடு திரும்பி வந்தது. சரிபார்க்காமல் நான் எதையும் வாங்குவதில்லை. அக்கா கொடுத்ததால் பிரித்துப் பார்க்காமல் வாங்கிக்கொண்டேன்.

அந்த வாரமே க்யிம்யிண்டைங் படகுத்துறை அருகே அவர் புதிதாகத் திறந்த டீக்கடைக்குப் போனேன். சுவரில் ஏழு படங்களும் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தன.

"எப்படி இருக்கு? மொதல்ல லபெயே டீயைக் குடி, ஆறிடும்."

"வெட்டிட்டீங்களாக்கா?"

"கரையான் தின்னுறதுக்கு நாலு பேர் பாக்கட்டுமே. எனக்கு என்னடி தெரியும்? நீதானே நட்சத்திரம் போட்டுக் குடுத்தே. ஒண்ணாவது தப்பா வெட்டியிருக்கேனா, பாரு."

தப்பில்லை. நான் எழுதிய அளவுக்குச் சரியாக, ஓரத்து வெள்ளைகூட விடாமல் வெட்டியிருந்தார்.

"கூடு ஏன் மண்வெட்டி வச்சிருக்குன்னு வர்றவங்க கேக்குறாங்க. கீழ ஒட்ட ரெண்டு வரி எழுதிக் குடேன். பர்மா பாஷையில எழுது."

"பாதிரியார்கிட்ட சொல்லப் போறேன்."

"சொல்லு. கையெழுத்து போட்டு எடுத்தது யாருன்னு அவர் கேப்பார்."

ஞாயிறன்று பாதிரியார் மேசையில் புத்தகத்தைத் திறந்து, வெட்டிய ஓரங்களைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன்.

"தெரியும்மா. கடை திறப்புக்கு ஜெபம் பண்ணப் போனேனே. சுவத்துல நல்லாத்தான் இருக்கு. சின்ன விஷயம், விடு."

பதிவேட்டில் "புத்தகம் பெறப்பட்டது" என்று எழுதி மூடினார். நான் அதைக் கேட்டு வாங்கி, அந்த வரிக்கு அடியில், புத்தகத்தில் இல்லாத ஏழு பக்கங்களின் எண்களை எழுதினேன். அவர் முகம் சுருங்கியது. கடைசி எண்வரை எழுதிவிட்டுத்தான் பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.