எஸ்தர் பெயருக்கு வந்த பார்சல்

நான் வேலை பார்க்கும் அரசு அலுவலகத்தின் இடைவேளையில், எனக்காகத் தபால் நிலையத்தில் வைத்திருக்கும் பார்சலை வாங்க வந்து நிற்கிறேன். உள்ளே யாரோ அரக்கு உருக்குகிறார்கள். அந்த வாசனை என்னை ஆம்பூருக்கு இழுத்துப் போய்விட்டது.

கிறிஸ்துமஸுக்கு மாமா எனக்கு அனுப்பிய கவுன் அன்று ஆம்பூர் தபால் நிலையக் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தது. பார்சலின் கிழிசல் வழியே வெள்ளை லேஸ் தெரிந்தது. மாமா, வீட்டுப் பழக்கத்தில், அதன்மேல் அம்மாவின் ஞானஸ்நானப் பெயரை எழுதிவிட்டார். சாதிச் சான்றிதழில் அம்மா இந்து, பெயர் செல்வி. அதை வைத்துத்தான், இடஒதுக்கீட்டில், அரசுப் பள்ளியில் ஆயா வேலை. அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் எங்களுக்குப் பின்னாலேயே நின்றிருந்தார்.

"எஸ்தர் யாரும்மா, நீதானா?" என்றார் குமாஸ்தா.

அம்மா என் விரல்களை நெரித்தாள்.

"அப்படி யாரும் எங்க வூட்ல இல்ல சார். திருப்பி அனுப்பிடுங்க."

திரும்பும் வழியில், தோல் பதனிடும் ஷாப்புகளைத் தாண்டும்போது அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆம்பூரில் பிறந்தவள் அந்த நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தி நான் பார்த்ததே இல்லை.

"மேடம், கார்டுல லதான்னு இருக்கு, பார்சல்ல ரூத்துன்னு இருக்கு. ரூத் நீங்கதானா?"

கவுண்டர் பெண் காத்திருக்கிறாள். பதில் சொல்லும் முன், எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிறேன்.