கம்ப்யூட்டரின் நெற்றி

என் மடிக்கணினி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் நேரங்களில் நான் அந்த அறையை விட்டு நகர்வதில்லை. "அணைக்க வேண்டாம்" என்ற எழுத்துகளுக்குக் கீழே சதவீதம் ஏறிக்கொண்டிருக்கும்போது நான்கு வயது மகள் உள்ளே வந்தால் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறேன். "அடுப்புல பாலா வெச்சிருக்க?" என்று கணவர் கேலி செய்கிறார். மகளின் இரண்டு கைகளையும் என் ஒரு கைக்குள் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இது அதிகப்படி என்று எனக்கே தெரிகிறது. குழந்தையைப் பயமுறுத்துகிறோமோ என்றும் தோன்றுகிறது. ஆனாலும் நூறு ஆகும்வரை கையை விடுவதில்லை.

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது நாங்கள் ஸ்ரீராம்புரத்தில் ஒரு கூடமும் ஒரு சமையலறையும் கொண்ட வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குப் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் மின்பராமரிப்பு வேலை. வாரம் ஆறு நாள் அங்கே இயந்திரங்களைப் பழுதுபார்ப்பார். ஏழாம் நாள் வீட்டில், நன்றாக இருக்கும் ஒரே இயந்திரத்தைப் பிரித்துப் போடுவார். பாகம் பாகமாக வாங்கி அவரே பூட்டிய கம்ப்யூட்டர் அது. கூடத்தின் மூலையில், என் பாடப்புத்தக அலமாரிக்குப் பக்கத்தில், யூபிஎஸ், பிரிண்டர் என்ற தன் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தது.

அப்பாவுக்கு ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் போதாது. கம்ப்யூட்டர் இதழ்களோடு இலவசமாக வரும் சிடியில் புதிதாக ஒன்று வந்தால் அதைப் போட்டுப் பார்த்தே ஆகவேண்டும். அந்த ஆண்டு மட்டும் மூன்று ஒன்றாகக் குடியிருந்தன. கம்ப்யூட்டரைப் போட்டதும் எதற்குள் போகவேண்டும் என்று அது கேட்கும். "போன வாரம் பச்சையா இருந்துச்சு, இந்த வாரம் நீலமா இருக்கு. வேற என்ன மாறிச்சு?" என்று அம்மா கேட்பாள். அப்பா அரை மணி நேரம் விளக்குவார். அம்மா அதற்குள் கீரை ஆய்ந்து முடித்திருப்பாள்.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் சித்தி தன் படிப்பின் கடைசி அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தாள். அம்மாவின் தங்கை. ஆரணியிலிருந்து வந்து எங்களோடு தங்கி எம்சிஏ படித்தாள். ஏழு அத்தியாயங்கள். ஆயுத பூஜை வியாழக்கிழமை வந்தது, திங்கட்கிழமை கல்லூரியில் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் ஒரு வருடம் தள்ளிப்போகும். தள்ளிப்போனால் தாத்தா வந்து ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். "பொட்டப்புள்ள படிச்சது போதும்" என்று அவர் ஏற்கெனவே இரண்டு முறை தொலைபேசியில் சொல்லியிருந்தார். அங்கே மாப்பிள்ளை வீடு ஒன்று காத்துக்கொண்டிருந்தது. இதெல்லாம் ஏழு வயதில் எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒரே கூடத்தில் படுப்பவர்களுக்கு எல்லாம் தெரியும்.

வியாழக்கிழமை காலையில் கம்ப்யூட்டர், இனி இடமில்லை என்று சொல்லி சித்தியின் படங்களைச் சேமிக்க மறுத்தது.

"மாமா, சி ஃபுல்லாம். என்ன பண்றது?"

"அவ்வளவுதானே? டி-யில நிறைய இடம் சும்மா கெடக்கு. கொஞ்சம் வெட்டி இந்தப் பக்கம் தள்ளிடறேன்."

"உங்க மூணு சிஸ்டத்துல ஒண்ணத் தூக்குனா இடம் வந்துடாதா?" என்று சமையலறையிலிருந்து அம்மா கேட்டாள்.

அப்பா கம்ப்யூட்டரின் பக்கம் திரும்பிக்கொண்டார். "உன் ஃபைல் எல்லாத்தையும் டி-யில ஒரு காப்பி போட்டுட்டேன். பயமே வேணாம்" என்று சித்தியிடம் சொன்னார். சியும் டியும் ஒரே ஹார்ட் டிஸ்க் வட்டுக்குள் கோடு போட்டுப் பிரித்த இரண்டு பகுதிகள்தான், ஒரே வீட்டின் கூடமும் சமையலறையும் போல. வீடு இடிந்தால் இரண்டும் போகும். இது அப்பாவுக்குத் தெரியாததல்ல. தெரிந்தவர்கள் செய்யும் தவறு அது.

சிடியைப் போட்டு வேலையை ஆரம்பித்தார். திரையில் ஒரு பட்டை நகரத் தொடங்கியது. ஒரு மணி நேரத்தில் முடியும் என்றார். பத்து மணிக்கு அது முப்பதில் நின்றது. பதினொன்றுக்கு நாற்பத்திரண்டு. பூஜைக்கு நேரமாகிவிட்டது.

"என்னங்க, அத அணைங்க. ஓடிக்கிட்டிருக்கற சாமானுக்கு யாராவது பூஜை போடுவாங்களா?"

ஆயுத பூஜையன்று ஆயுதம் ஓயவேண்டும். அரிவாள்மணையிலிருந்து அப்பாவின் ஸ்க்ரூடிரைவர் வரை எல்லாம் கழுவித் துடைத்து வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அப்பா ஒரு கணம் யோசித்தார். பிறகு மானிட்டரை மட்டும் அணைத்தார். திரை கறுத்தது. அம்மா திருப்தியோடு திரும்பிக்கொண்டாள். சித்தி அப்பாவைப் பார்த்தாள். அவர் உதட்டில் விரல் வைத்தார். நான் அதைப் பார்த்தேன். ஆனால் எனக்கு அது வேறு ஏதோ விளையாட்டாகத் தெரிந்தது.

பூஜையில் என் வேலை பொட்டு வைப்பது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. முதலில் சந்தனம், நடுவில் குங்குமம், அதன்மேல் இரண்டு அரிசி. எல்லாவற்றுக்கும் வைத்தேன். மானிட்டருக்கு, கீபோர்டுக்கு, யூபிஎஸ்ஸுக்கு. அதற்குள் வாசலில் ஸ்கூட்டருக்குப் பூசணிக்காய் உடைக்க மூவரும் போய்விட்டார்கள். எதிர்வீட்டு ஆட்டோக்காரர், "பூஜே ஆய்தா, அண்ணா?" என்று பூஜை முடிந்ததா எனக் கன்னடத்தில் கேட்பதும், நடந்துகொண்டிருக்கிறது என்று அப்பா "ஆகத்தா இதே" என்பதும் கேட்டது. நான் கம்ப்யூட்டர் பெட்டியின் முன் உட்கார்ந்திருந்தேன். இதற்கு நெற்றி எது?

முன்பக்கத்தில், நட்டநடுவில், வட்டமாக ஒரு பொத்தான் இருந்தது. அதைவிட நெற்றியைப் போல வேறெதுவும் இல்லை. சந்தனத்தை வைத்தேன். பிளாஸ்டிக்கில் வழுக்கியது. குங்குமம் வைத்து, அரிசி ஒட்டவேண்டுமே என்று மோதிர விரலால் நன்றாக அழுத்திப் பிடித்தேன். மனதுக்குள் ஐந்துவரை எண்ணியிருப்பேன். விரலுக்கு அடியில் ஏதோ மாறியது. காலையிலிருந்து பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருந்த காற்றாடியின் சத்தம் நின்றுபோனது.

வெளியே பூசணிக்காய் தரையில் மோதிச் சிதறியது. நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அரிவாள்மணையின் பக்கம் போய் உட்கார்ந்தேன்.

அப்பா உள்ளே வந்ததும், அம்மா கையில் பொரிகடலைத் தட்டு இருக்கும்போதே, மானிட்டரைப் போட்டார். ஒன்றும் வரவில்லை. குனிந்து பெட்டியில் காதை வைத்தார். பிறகு அந்தப் பொத்தானை அழுத்தினார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரே ஒரு வரி வந்தது. அதில் எனக்குப் புரிந்த வார்த்தை 'நாட்' மட்டும்தான்.

"மாமா?" என்றாள் சித்தி.

"இரும்மா."

"மாமா, என் ரிப்போர்ட்?"

அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நீங்க அணைக்கவே இல்லையா?" என்று கேட்டாள்.

"யூபிஎஸ் ட்ரிப் ஆயிடுச்சு" என்று கடைசியில் அப்பா சொன்னார். "பேட்டரி பழசு. மாத்தணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன், விட்டுட்டேன். என் தப்புதான்."

சித்தி அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து புடவைத் தலைப்பை விரலில் சுற்றி, பிரித்து, சுற்றிக்கொண்டே இருந்தாள். அம்மா அப்பாவை நிறுத்தாமல் திட்டினாள். சட்டை மாற்றுவதுபோல வாரத்துக்கு ஒரு சிஸ்டம் மாற்றுவதையும், பேட்டரியை மாற்றச் சோம்பல் பட்டதையும் சேர்த்துத் திட்டினாள். "அவ வாழ்க்கை உங்களுக்கு வெளையாட்டுச் சாமானா?" என்றாள். அப்பா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்க நினைத்தேன். பொரிகடலையை அடைத்துக்கொண்டேன்.

அப்பாவின் கை வேறொரு சிடியின் பக்கம் போனது. திரும்பப் போட்டுப் பார்த்தால் வந்துவிடும் என்றார். அம்மா குறுக்கே வந்து சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தாள்.

"பூஜைக்கு வெச்சாச்சு. நாளைக்குக் காலையில கற்பூரம் காட்டி எடுக்கற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. ஒரு தடவ ஏமாத்துனது போதும்."

அப்பா வாதாடவில்லை. பொதுவாக வாதாடுவார். அன்று முழுவதும் கம்ப்யூட்டர் பூவும் பொட்டுமாக உட்கார்ந்திருக்க, நாங்கள் நால்வரும் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். அவசரத்தில் வட்டில் புதிதாக எதையாவது எழுதியிருந்தால் இருந்ததும் அழிந்திருக்கும் என்று அப்பா பல வருடம் கழித்து ஒப்புக்கொண்டார், அம்மாவின் காதில் விழாதபடி.

மறுநாள் காலை கற்பூரம் காட்டியதும் அப்பா பெட்டியைத் திறந்து வட்டைக் கழற்றினார். ஒரு டிபன் பாக்ஸ் அளவு இருந்தது. என் பழைய துண்டில் சுற்றினார். பீன்யாவில் அவரோடு வேலை செய்யும் நண்பரின் வீட்டில் இன்னொரு கம்ப்யூட்டர் உண்டு. சித்தி ஸ்கூட்டரின் பின்னால் ஏறினாள். அப்பா என்னை முன்னால் நிற்கவைத்து, துண்டை என் கையில் கொடுத்தார்.

"இவகிட்டயா?" என்றாள் அம்மா.

"பத்திரமா வெச்சுக்குவா. கீழ போடமாட்ட இல்ல, பாப்பா?"

தும்கூர் சாலை முழுவதும் அதை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு பள்ளத்திலும் மூச்சைப் பிடித்தேன். அது உடைந்தாலும் என்னால்தான், உடையாவிட்டாலும் என்னால்தான் என்று இருந்தது. கை வேர்த்தது. ஈரம் பட்டால் கெட்டுப்போகுமோ என்று அதற்கும் பயந்தேன்.

நண்பர் வட்டை வாங்கித் தன் கம்ப்யூட்டரில் இரண்டாவதாகப் பூட்டினார். "என்ன ஆச்சு குரு?" என்று கேட்டார். அந்த ஊரில் நண்பர்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"யூபிஎஸ் ட்ரிப்."

"ஏன் குரு, போன மாசம்தானே புது பேட்டரி போட்டே? நானே கூட வந்தேனல்லா?"

அப்பா சட்டென்று, "டூப்ளிகேட் போல இருக்கு. நீ மொதல்ல இதப் பாரு" என்றார். எனக்கு உள்ளே ஏதோ இலேசானது. பெரியவர்கள் இருவர் பேசி முடிவு செய்துவிட்டார்கள். பேட்டரிதான் காரணம். நான் விரல் வைத்த நேரமும் பேட்டரி போன நேரமும் ஒன்றாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அழிந்த கோப்புகளைத் தேடி எடுக்கும் ஒரு மென்பொருள் மெதுவாக ஓடியது. கிடைத்தவற்றில் எதற்கும் பெயர் இல்லை. வெறும் எண்கள். சித்தி ஒவ்வொன்றாகத் திறந்தாள். அப்பாவின் கையேடுகள். நான் வரைந்த யானை. என் பிறந்தநாள் கேக். மறுபடியும் அப்பாவின் கையேடு. அப்பா அவள் பின்னால் நின்று நகத்தைக் கடித்தார். மதியத்துக்கு மேல், நூற்றுப் பதினொன்றாவது எண்ணோ என்னவோ, அவள் கை நின்றது.

"மாமா. மூணாவது சாப்டர்."

அப்புறம் ஒன்று. அப்புறம் ஏழு. மாலைக்குள் ஆறு அத்தியாயங்கள் கிடைத்தன. ஐந்தாவது கிடைக்கவே இல்லை. அதை வெள்ளி, சனி, ஞாயிறு என்று நண்பரின் வீட்டிலேயே உட்கார்ந்து, கைக்குறிப்புகளை அப்பா வாசிக்க, சித்தி மறுபடி தட்டச்சு செய்தாள். திங்கட்கிழமை கொடுத்தாள். மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். சித்தி இப்போது என்னைவிடப் பெரிய வேலையில் இருக்கிறாள்.

அப்பா புது பேட்டரியைக் கழற்றிவிட்டு அதைவிடப் புது பேட்டரி போட்டார். அம்மா அதைச் சொல்லிக்காட்டாத மாதமில்லை. ஒவ்வொரு முறையும் அவர், "ஆமா, என் தப்புதான்" என்பார். ஒவ்வொரு முறையும் நான் புத்தகத்தில் தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வேன். ஒரு வருடம் முழுக்க நன்றாக மறைத்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. இந்த முறை அப்பா சுவரிலிருந்து பிளக்கையே பிடுங்கி வைத்திருந்தார். கிண்ணத்தோடு நான் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்ததும், செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். சந்தனம் தொட்ட என் விரலை மணிக்கட்டோடு பிடித்து, பெட்டியின் மேல்தகட்டுக்குக் கொண்டுபோனார்.

"இதுக்கு நெத்தி மேல இருக்கு, பாப்பா. இங்க வெய்யி."

கம்ப்யூட்டரைப் பற்றி எல்லாம் தெரிந்தவர், நெற்றி எது என்பதும் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். சொன்ன இடத்தில் வைத்தேன். அந்தப் பொத்தானை நெற்றி என்று நான் நினைத்ததை ஒருவரிடமும் சொன்னதில்லையே என்று அப்போது தோன்றவே இல்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பிரிண்டருக்குப் பொட்டு வைக்கப் போய்விட்டேன்.