படத்தில் வெள்ளையாக விழுந்தது

எங்கள் பக்கத்தில் உயரமாக, ஒல்லியாக, வெள்ளையாக ஒரு மிருகம் கண்ணில் பட்டால் யாரும் இரண்டாவது தடவை பார்ப்பதில்லை. ராஜபாளையம் நாய் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அதில் எங்களுக்கு அவ்வளவு பெருமை. அந்தப் பெருமையால் என் தூக்கம் போனது.

கான்சாபுரத்துக்கு மேற்கே மாந்தோப்புக்குள் எங்கள் வீடு. கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். நான் வத்திராயிருப்பில் கணக்கு டீச்சர். வீட்டில் கண் சரியாகத் தெரியாத மாமியார். நான் பள்ளிக்கூடம் போன பிறகு அவருக்குத் துணை எங்கள் நாய் ஒன்றுதான். யாராவது கேட்டைத் தொட்டாலே அது போடும் சத்தம் ஓடைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கும். அது இல்லையென்றால் நான் வேலையை விட வேண்டும், இல்லாவிட்டால் அந்த வீட்டை விட வேண்டும்.

அடுத்த தோப்பில் ஆடு வளர்ப்பவரை நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவர் பட்டியில் ஆடுகள் ஒவ்வொன்றாகச் செத்தன. வயிறு கிழிந்து, ஓடைக்கரையில் கிடந்தன. சிறுத்தையா வேறு ஏதாவதா என்று தெரிந்துகொள்ள வனத்துறை வாட்சர் ஒருவர் வந்து, ஓடையோரம் மாமரத்தில் ஒரு கேமராவைக் கட்டிவிட்டுப் போனார். இருட்டில் எது நடந்தாலும் தானாகவே படம் எடுத்துக்கொள்ளுமாம். சிறுத்தையாக இருந்தால் நல்லது, யார் நாய் மேலும் பழி வராது என்று நான்கூட நினைத்தேன்.

படம் வந்தது. தலை படத்துக்கு வெளியே போய்விட்டது. வால் புதருக்குள். நடுவில் நீளமான வெள்ளை உடம்பும் கால்களும் மட்டும். வாட்சர், எனக்குத் தெரியவில்லை, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசுக்கு அனுப்பியிருக்கிறேன், பதில் வரட்டும் என்றார். ஊருக்குப் பதில் தேவைப்படவில்லை. டீக்கடையில் போனைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்து அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்கள்.

அண்ணாச்சி கேட்டுக்கு வெளியே நின்றே பேசினார். "உங்க நாய்தான் டீச்சர். வேற எது இம்புட்டு வெள்ளையா இருக்கும்? ஞாயித்துக்கெழமைக்குள்ள எங்கயாவது கொண்டுபோய் விட்டுருங்க. இல்லன்னா நான் பாத்துக்கிடுதேன்."

ராத்திரி முழுக்கச் சங்கிலியில்தான் கிடந்தது என்று சொன்னேன். யார் பார்த்தது என்று கேட்டார். மாமியாரைச் சொன்னேன். கண் தெரியாதவரைச் சாட்சிக்கு இழுக்கிறேனே என்று எனக்கே கேவலமாக இருந்தது.

அந்த நாயை நாங்கள் வாங்கியது ராஜபாளையத்தில், குட்டி வளர்த்து விற்பவர் ஒருவரிடம். படத்தில் இருப்பது அது இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. மார்பு இறக்கத்தைப் பாருங்கம்மா, கால் நீளத்தைப் பாருங்கம்மா, நம்ம வளர்ப்பு எங்கே நின்றாலும் தெரியும் என்றார். போதாததற்கு இன்னொரு குட்டி இருக்கிறது, வேண்டுமா என்றும் கேட்டார். கையில் இருந்த போனை வைத்தே அவர் மண்டையில் ஒன்று போடலாம் போல எனக்கு இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். அழுதுகொண்டே அந்தப் பாழாய்ப்போன படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்டவரே, இது வேறு ஏதாவது மிருகமாக இருக்கட்டும் என்பதைத் தவிர ஒரு ஜெபமும் வாயில் வரவில்லை. வன்னியம்பட்டி தாண்டியிருக்கும். அப்போதுதான் மிருகத்தை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் இருந்ததைப் பார்த்தேன். மாவிலை. அதுவும் வெள்ளையாக இருந்தது. எந்த ஊரில் மாவிலை வெள்ளையாக இருக்கிறது?

இறங்கியதும் வாட்சருக்குப் போன் போட்டேன். இருட்டில் அந்தக் கேமராவுக்கு நிறம் தெரியாது, பல நிறங்கள் வெளுத்துத்தான் விழும் என்றார், ஏதோ எல்லோருக்கும் தெரிந்த சங்கதி மாதிரி. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் என்ன என்று கேட்டேன். யாரும் கேட்கவில்லையே என்றார்.

மறுநாள் பொழுது சாய்ந்து இருட்டியதும் அவரையும் அண்ணாச்சியையும் ஓடைக்கரைக்கு வரச் சொன்னேன். அண்ணாச்சியின் செவலைக் கன்றையே கேமரா முன்னால் நிறுத்தச் சொன்னேன். வாட்சர் கேமராவிலிருந்து கார்டை எடுத்துப் போனில் போட்டுக் காட்டினார். செக்கச்செவேலென்று இருந்த கன்று படத்தில் வெள்ளைவெளேரென்று நின்றது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் அண்ணாச்சி கோபப்படவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. முகம் வெளிறிப்போய், கன்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஏன் என்று விடிந்ததும் தெரிந்தது. ஓடைத் தண்ணீர் ஓரத்தில் ஒரு செந்நாய் செத்துக் கிடந்தது. செம்பட்டை நிறம், அடர்ந்த கறுப்பு வால். படத்தில் பார்த்த அதே கால்கள். வாயில் நுரை. அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். என் நாய் இல்லை, என் நாய் இல்லை என்று மனசு துள்ளியது. அப்புறம்தான் அந்த வாயைப் பார்த்தேன்.

ரேஞ்சர் ஜீப் வருவதற்கு முன்னால் அண்ணாச்சி என் கேட்டுக்கு வந்தார். நாய் அவரைப் பார்த்துக் குரைத்தது. அவர் நாயைப் பார்க்கவே இல்லை.

"செத்த ஆட்டுல மருந்து வச்சது நான்தான் டீச்சர். உங்க நாய்க்குத்தான் வச்சேன். காட்டு மிருகத்துக்கு வைக்கலன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். உங்களத் தவிர எனக்கு யாரு சொல்லுவா?"

என் நாயைக் கொல்லப் பார்த்தவர், அதையே நான் சாட்சி சொல்ல வேண்டும் என்கிறார். அறைய வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் மாமியார் கிணற்றடியில் விழுந்த அன்று, அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் ஓடியவரும் இவர்தான். சொல்கிறேன் என்றேன்.

சொன்னேன். ரேஞ்சர் பொறுமையாகக் கேட்டார். யாருக்கு வைத்திருந்தாலும் செத்தது செந்நாய், கேஸ் கேஸ்தான் என்றார். அண்ணாச்சியின் போனை வாங்கி வைத்துக்கொண்டு அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். வாட்சர் மிருகத்தைச் சாக்கில் சுற்றிப் பின்னால் வைத்தார். ஏறும்போது அண்ணாச்சி, சாயங்காலம் ஆடுகளைக் கொஞ்சம் அடைத்துவிடுங்கள் என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

ஜீப் போன பிறகு நேராக நாயிடம் போனேன். இத்தனை நாள் கட்டிக் கிடந்தாயே, இனிமேல் உன்னை எவன் என்ன சொல்வான் என்று பேசிக்கொண்டே சங்கிலியில் கை வைத்தேன். அது என் முகத்தை நக்கியது. கொக்கியை விரலால் தள்ளினேன். பாதி தள்ளும்போது கை நின்றுவிட்டது.

மருந்தை எத்தனை இடத்தில் வைத்தார் என்று நான் கேட்கவே இல்லை.

ரோட்டுக்கு ஓடினேன். புழுதிகூட அடங்கிவிட்டிருந்தது. வாட்சர் போன் அணைந்திருந்தது. அண்ணாச்சி நம்பருக்குப் போட்டேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. தோப்புக்குள்ளிருந்து, அவிழ்த்துவிடச் சொல்லி நாய் விடாமல் குரைத்துக்கொண்டிருந்தது.